விலங்குகளை வதைக்காத லிப் பாம், லிப் க்ளாஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'க்ரூயல்ட்டி ஃப்ரீ' என்று போட்டிருந்தால் அது வீகனும்தானே?

இல்லை. கடையில் ஏமாறுவதில் பாதி இந்த இடத்தில்தான் நடக்கிறது. 'க்ரூயல்ட்டி ஃப்ரீ' என்பது சோதனையைப் பற்றிய பேச்சு: பொருளையோ அதன் மூலப்பொருளையோ விலங்குகள்மீது சோதிக்கவில்லை என்று பொருள். 'வீகன்' என்பது சேர்மானத்தைப் பற்றியது: உள்ளே விலங்கிலிருந்து வந்தது எதுவும் இல்லை என்று பொருள். ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

பர்ட்ஸ் பீஸ் நிறுவனத்தைப் பாருங்கள். 'லீப்பிங் பன்னி' சான்று பெற்றது, ஆக விலங்குச் சோதனை இல்லை. ஆனால் பெயரிலேயே தேனீ இருக்கிறது. அதன் பிரபலமான லிப் பாமின் அடித்தளமே தேன்மெழுகு. தேன்மெழுகு கூடாது என்பவருக்கு அது உதவாது. இதற்கு நேர்மாறாக, முழுக்கத் தாவரப் பொருளால் செய்த ஒரு க்ளாஸின் மூலப்பொருளை எங்கோ ஒரு ஆய்வகத்தில் முயலின்மேல் தடவிப் பார்த்திருக்கவும் கூடும். ஆகவே ஒரு குழாயைக் கையில் எடுத்தால் கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள். ஷாம்பூவை விட லிப் பாமில் இரண்டாவது கேள்விக்கு எடை அதிகம். மெழுகு, கொழுப்பு, சிவப்புச் சாயம் ஆகிய மூன்றுமே விலங்கிலிருந்து வர வாய்ப்புள்ளவை. போதாக்குறைக்கு, தடவியதில் ஒரு பங்கு வயிற்றுக்குள்ளும் போகிறது.

இந்தியாவில்தான் தடை இருக்கிறதே, பிறகு எதற்கு இந்தத் தேடல்?

தடை இருப்பது உண்மை. 2014 மே மாதம் மருந்து, அழகுசாதன விதிகளில் 148-சி சேர்க்கப்பட்டு, அழகுசாதனங்களுக்காக விலங்குகளைப் பயன்படுத்துவது நாட்டுக்குள் தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் 135-பி விதி வந்து, விலங்குகள்மேல் சோதித்த அழகுசாதனங்களின் இறக்குமதியையும் தடுத்தது. 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளிலும் இவை தொடர்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 மார்ச் 11 முதல் விற்பனைத் தடையே முழுமையாக அமலில் இருக்கிறது.

ஓட்டை மூலப்பொருளில் இருக்கிறது. ஒரு வேதிப்பொருள் அழகுசாதனத்துக்கு மட்டுமல்லாமல் மருந்துக்கும் பெயின்ட்டுக்கும் போகும். அந்தத் துறைகளின் சட்டப்படி அது விலங்குச் சோதனைக்கு உள்ளாகலாம். ஐரோப்பாவில் இது நீதிமன்றம்வரை போயிற்று. ஹோமோசலேட், எத்தில்ஹெக்ஸில் சாலிசிலேட் என்ற இரண்டு வெயில்காப்புப் பொருள்களுக்கு, வேதிப்பொருள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விலங்குச் சோதனை கேட்கலாம் என்று 2023 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டும் எஸ்.பி.எஃப். (வெயில்காப்பு அளவு) உள்ள லிப் பாம்களில் இடம்பெறக்கூடியவை. வெயிலுக்கான லிப் பாம் வாங்குகிறவர்கள் கூடுதலாக ஒருமுறை விசாரிக்கச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அப்படி என்ன சோதனைதான் செய்வார்கள்?

1944இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் இருந்த ஜான் டிரெய்ஸ் வகுத்த முறைதான் நெடுங்காலம் ஆண்டது. வெள்ளை முயலின் ஒரு கண்ணில் 0.1 மில்லி அளவு பொருளை விட்டு, மறு கண்ணை ஒப்பீட்டுக்கு வைத்து, நாள்கணக்கில் சிவப்பையும் புண்ணையும் மதிப்பெண் போட்டுக் குறிப்பார்கள். மழித்த முதுகிலும் இப்படியே. இப்போது ஆய்வகத்தில் மனித செல்லிலிருந்து வளர்த்த தோல் மாதிரியில் எரிச்சலைப் பார்க்கிறார்கள், பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓ.இ.சி.டி.யின் 439ஆம் வழிகாட்டி அதற்கானது. மாற்று வழி இருந்தும் முயலைத் தேடுவதில்தான் நமக்குச் சண்டை.

முயல் படம் இருந்தால் நம்பலாமா?

எந்த முயல் என்று பாருங்கள். சும்மா ஒரு முயலை வரைந்து 'நாட் டெஸ்டட் ஆன் அனிமல்ஸ்' என்று எழுத யாரிடமும் சான்று வாங்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டிய முத்திரைகள் இரண்டு.

லீப்பிங் பன்னி: தாவும் முயலும் நட்சத்திரங்களும் இருக்கும். நிறுவனம் ஒரு தேதியைக் குறித்து, அதற்குப் பிறகு தன் பொருளோ மூலப்பொருளோ சோதனைக்கு உள்ளாகவில்லை என்று உறுதிகொடுக்க வேண்டும். மூலப்பொருள் தருகிறவர்களையும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். வெளியாள் தணிக்கைக்கும் கதவைத் திறந்துவிட வேண்டும். இருப்பதில் இறுக்கமானது இதுதான்.

பீட்டா: இதில் இரு படிகள். ஒன்று சோதனை இல்லை என்பது, இன்னொன்று சோதனையும் இல்லை, வீகனும் கூட என்பது. நிறுவனம் எழுத்தில் தரும் உறுதிமொழிதான் இதன் அடிப்படை. லீப்பிங் பன்னி அளவுக்குத் தணிக்கை கிடையாது. ஆனால் ஒரே முத்திரையில் இரண்டு கேள்விக்கும் பதில் கிடைப்பது வசதி.

சான்று பெற்ற எல்லோரும் முத்திரையை அச்சிடுவதில்லை. அதற்குத் தனி உரிமக் கட்டணம் உண்டு; சின்ன நிறுவனங்கள் தவிர்ப்பார்கள். ஆகவே டப்பாவை மட்டும் பார்க்காமல், அந்த அமைப்புகளின் இணையப் பட்டியலில் பெயரைத் தட்டிப் பாருங்கள். பட்டியலில் பெயர் ஏறுவதும் இறங்குவதும் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்பு யாரோ போட்ட பட்டியலை வைத்துக்கொண்டு வாங்காதீர்கள்.

முத்திரை இல்லாத சிறு நிறுவனமா? மூன்று கேள்வி எழுதி அனுப்புங்கள். முடிந்த பொருளோடு மூலப்பொருளும் சோதனை இல்லாததுதானா? வேறு யாரையாவது சோதிக்க விடுகிறீர்களா, சட்டம் கேட்டால் உட்பட? எந்தத் தேதியிலிருந்து? 'நாங்கள் விலங்குகளை நேசிக்கிறோம்' என்று மட்டும் பதில் வந்தால், பதில் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சீனாவில் விற்கும் நிறுவனம் என்றால் ஒதுக்கிவிட வேண்டுமா?

இறக்குமதி அழகுசாதனங்களுக்கு அங்கே விலங்குச் சோதனை கட்டாயமாக இருந்ததால், முன்பு அப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்கள். 2021 மே 1 முதல், சாதாரண வகை இறக்குமதி அழகுசாதனங்கள் உரிய உற்பத்திச் சான்று காட்டினால் விலங்குச் சோதனையிலிருந்து விலக்குப் பெறலாம். லிப் பாமும் க்ளாஸும் இந்த வகையில் வரும். ஆனால் வெயில்காப்பு என்று சொல்லி விற்பவை அங்கே 'சிறப்பு' வகை. சலுகை அவற்றுக்கு இல்லை. ஒரே நிறுவனத்தின் சாதாரண லிப் பாமுக்கும் எஸ்.பி.எஃப். லிப் பாமுக்கும் நிலைமை வேறாக இருக்கலாம்.

தாய் நிறுவனம் சோதனை செய்கிறது, பிள்ளை நிறுவனம் செய்வதில்லை. வாங்கலாமா?

இது உங்கள் மனசாட்சிக் கணக்கு. விலங்குச் சோதனை செய்யாத த பாடி ஷாப், 2006 முதல் 2017 வரை லோரியால் என்ற பெரிய அழகுசாதன நிறுவனத்தின் கையில் இருந்தது. அந்தக் காலத்தில் அதை விட்டு விலகியவர்களும் உண்டு, தொடர்ந்து வாங்கியவர்களும் உண்டு. சான்றிதழ் ஒரு பிராண்டுக்குத் தரப்படுவது. காசு கடைசியில் எங்கே போகிறது என்பதை அது சொல்லாது. எங்கள் கருத்து: சோதனை இல்லாத பிராண்ட் நன்றாக விற்றால் பெரிய நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்துக்கு அது புரியும். ஆகவே வாங்கலாம்.

சேர்மானப் பட்டியலில் எதை எதைப் பார்க்க வேண்டும்?

சிவப்புச் சாயலுள்ள ஒரு லிப் பாமை எடுத்துப் பின்பக்கம் படிப்போம். முதல் நாலைந்து பெயர்களில்தான் எடையின் பெரும்பகுதி அடங்கும்.

'செரா ஆல்பா' என்றால் தேன்மெழுகு. லத்தீன் பெயரில் ஒளிந்திருப்பதால் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். 'மெல்' என்றால் தேன். 'லானோலின்' ஆட்டுக் கம்பளியைக் கழுவும்போது எடுக்கும் மெழுகு. க்ளாஸில் வழவழப்புக்குச் சேர்ப்பார்கள், சிலருக்கு ஒவ்வாமையும் தரும். 'ஸ்குவாலீன்' சுறாவின் ஈரலிலிருந்தும் வரும், ஆலிவிலிருந்தும் வரும். 'ஸ்குவாலேன்' என்று இருந்தாலும் மூலம் எதுவென்று கேட்கத்தான் வேண்டும். 'கிளிசரின்', 'ஸ்டியரிக் ஆசிட்' இரண்டும் பனை எண்ணெயிலிருந்தும் வரலாம், மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரலாம். பெயரை வைத்துப் பிரிக்கவே முடியாது. இந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பதற்குத்தான் வீகன் முத்திரை.

நிறங்கள் பட்டியலின் கடைசியில் சி.ஐ. என்ற எழுத்தோடு எண்ணாக வரும். இரண்டை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். 75470 என்றால் கார்மைன், 75170 என்றால் குவானின். குவானின் மீன் செதிலிலிருந்து எடுக்கும் முத்துப் பளபளப்பு. கார்மைன், சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் கொச்சினீல் என்ற பூச்சியைக் காயவைத்து எடுக்கும் சிவப்பு. ஒரு பவுண்டு சாயத்துக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இதில் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், இந்தப் பூச்சியை வளர்க்கவென்றே சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் போட்டார். ஸ்பெயின்காரர்கள் பொத்திவைத்திருந்த வியாபாரத்தைப் பிடிக்கும் ஆசை, பலிக்கவில்லை.

கார்மைன் வேண்டாம் என்றால், இரும்பு ஆக்சைடுகள் (77491, 77492, 77499), செயற்கைச் சிவப்பு 15850 போன்றவை இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றின் மூலத்தில் பூச்சி இல்லை.

குழாயில் சேர்மானப் பட்டியலே இல்லையே, இது சட்டமீறல் இல்லையா?

பெரும்பாலும் இல்லை. இந்திய விதிப்படி 30 கிராமுக்குக் குறைந்த கெட்டி, அரைக்கெட்டிப் பொருளுக்கும் 60 மில்லிக்குக் குறைந்த திரவத்துக்கும் பட்டியல் போட வேண்டிய கட்டாயம் கிடையாது. லிப் பாம் குழாய் 4 முதல் 5 கிராம், க்ளாஸ் பெரும்பாலும் 10 மில்லிக்குள். இரண்டுமே அந்த விலக்குக்குள் நுழைந்துவிடும். நல்ல நிறுவனங்கள் அட்டைப் பெட்டியிலோ இணையதளத்திலோ முழுப் பட்டியலையும் தருகின்றன. இரண்டிலும் இல்லையென்றால் வாங்காமல் விடுங்கள். மறைக்க ஏதுமில்லாதவர் பட்டியலை மறைப்பானேன்?

பச்சைப் புள்ளி இருக்கிறதே?

அது சைவம் என்பதற்கான அடையாளம், வீகன் என்பதற்கு அல்ல. பாலும் தேனும் நம் சைவக் கணக்கில் அடங்கும். சோதனையைப் பற்றி அந்தப் புள்ளி எதுவுமே சொல்லாது.

தேன்மெழுகு இல்லாத லிப் பாம் நம் வெயிலுக்குத் தாங்குமா?

தாங்கும்; மெழுகைப் பொறுத்து, தேன்மெழுகை விட நன்றாகவே. தேன்மெழுகு உருகுவது சுமார் 62 முதல் 65 டிகிரியில். மெக்சிகோ பாலைநிலச் செடியிலிருந்து வரும் கேண்டலில்லா மெழுகு 68 முதல் 73 வரை தாங்கும். பிரேசில் பனை ஓலையின் கார்னோபா 82க்கு மேல். குழாயை உருக்குவது மெழுகு அல்ல, கூட இருக்கும் தாவர வெண்ணெயும் எண்ணெயும்தான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே இளகிவிடும். பட்டியலில் அது முதலாவதாக இருந்தால் சித்திரை மாதத்துக்கு அந்தக் குழாய் ஆகாது. கேண்டலில்லாவும் விளக்கெண்ணெயும் முன்னால் இருப்பதாகப் பார்த்து எடுங்கள்.

வண்டியின் சீட்டுக்கடியில், கார் டேஷ்போர்டில் வைத்த எதுவும் உருகும். உருகினால் மூடியைத் திறக்காமல் நிமிர்த்தி, ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். மேலே முத்து முத்தாக எண்ணெய் வேர்த்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, துடைத்துவிட்டுப் போடலாம்.

அன்றாடத்துக்கு பாமா, க்ளாஸா?

பாம். க்ளாஸின் பளபளப்புக்குக் காரணம் பாலிபியூட்டீன் போன்ற பிசுக்கான பொருள்கள். தாவர வகைகளில் அந்த வேலையை விளக்கெண்ணெய் செய்கிறது. டூவீலரில் போகும்போது தலைமுடி, தூசி, சில நேரம் கொசுவும் வந்து ஒட்டும். வெளியில் போகும்போது பாம் போட்டுக்கொண்டு, போய்ச் சேர்ந்தபிறகு அதன்மேல் க்ளாஸை நடு உதட்டில் ஒரு தொடு வைத்தால் போதும். விரலால் எடுக்கும் டப்பாவை விட குழாய் சுத்தம். க்ளாஸின் குச்சி ஒவ்வொரு முறையும் வாய்க்கும் குப்பிக்கும் போய் வருவதால் கிருமி சேரும். அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள், உதட்டில் புண் இருக்கும்போது நீங்களும் குச்சியை நேராக வைக்காதீர்கள்.

உதட்டைப் பருமனாகக் காட்டும் க்ளாஸ்களில் மிளகாய், லவங்கப்பட்டைச் சாறு இருக்கும். எரிச்சலால் வரும் வீக்கம்தான் அந்தப் பருமன். தினசரிக்கு வேண்டாம்.

எஸ்.பி.எஃப். அவசியமா?

பகலில் வெளியே நடமாடுகிறவர் என்றால் ஆம், 30க்குக் குறையாமல். உதட்டுத் தோல் மெல்லியது, அதில் மெலனின் குறைவு. பிசுக்கான பளபளப்பு வெயிலைத் தடுக்கும் என்று நினைக்க வேண்டாம். மேலே சொன்ன வழக்கை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு ஜிங்க் ஆக்சைடு உள்ள பாம் நல்ல வழி. லேசாக வெள்ளை பூத்தாற்போல் தெரியும். நிறம் கலந்ததை வாங்கினால் அது அடங்கும். சாப்பிட்ட பிறகும், வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் திரும்பப் பூச வேண்டும்.

எத்தனை தரம் போட்டாலும் உதடு காய்கிறது. ஏன்?

பெரும்பாலும் பாமே காரணமாக இருக்கும். புதினா, மெந்தால், கற்பூரம், யூகலிப்டஸ் சேர்ந்தவை போட்டவுடன் சில்லென்று இருக்கும், பிறகு எரிச்சலூட்டும். திரும்பப் போடச் சொல்லும். இனிப்பு மணம் இருந்தால் நாக்கு தானாக உதட்டுக்குப் போகும், எச்சில் காய்ந்து இன்னும் வறளும். 'இயற்கை', 'வீகன்' என்ற சொல் இதிலிருந்தெல்லாம் காப்பாற்றாது. எலுமிச்சை எண்ணெயும் இயற்கைதான். மணமும் சுவையும் இல்லாத ஒன்றுக்கு மாறி இரண்டு வாரம் பாருங்கள். வாயோரம் வெடிப்பு ஆறவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டில் செய்யலாமா?

செய்யலாம். ஐந்து கிராம் குழாய் நான்குக்கான அளவு: கேண்டலில்லா மெழுகு 4 கிராம், ஷியா வெண்ணெய் (ஷியா கொட்டையின் கொழுப்பு) 5, விளக்கெண்ணெய் 5, நல்லெண்ணெய் 6. செக்கு நல்லெண்ணெயின் வாசம் பிடிக்காதவர்கள் சூரியகாந்தி எண்ணெய் எடுக்கலாம். ஒரு கிராமைக் காட்டும் சின்னத் தராசு கட்டாயம் வேண்டும். கரண்டிக் கணக்கில் மெழுகு கூடிக் குறைந்து, ஒரு தடவை கல்லாகவும் மறு தடவை களியாகவும் வரும்.

கொதிக்கும் நீரின் மேல் கிண்ணத்தை வைத்து மெழுகையும் விளக்கெண்ணெயையும் முதலில் உருக்குங்கள். கட்டி கரைந்து தெளிந்ததும் நல்லெண்ணெய், கடைசியில் ஷியா. கேண்டலில்லா சட்டென்று உறையும், ஆகவே சூடு ஆறுமுன் குழாயில் ஊற்ற வேண்டும். உறையும்போது நடுவில் குழி விழும். கொஞ்சம் மிச்சம் வைத்திருந்து மேலே நிரப்புங்கள். உடனே பத்து, பதினைந்து நிமிடம் ஃபிரிட்ஜில். மெதுவாக ஆறவிட்டால் ஷியா மணல்மணலாகத் திரிந்து உதட்டில் நெறநெறக்கும். அப்படி ஆகிவிட்டால் திரும்ப உருக்கி வேகமாகக் குளிரவையுங்கள், சரியாகிவிடும். ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு மெழுகை 3 கிராமாகக் குறைத்து எண்ணெயை ஒரு கிராம் கூட்டலாம்.

நிறத்துக்குப் பீட்ரூட் சாறு ஊற்றச் சொல்லும் செய்முறைகளை நம்பாதீர்கள். அந்தச் சிவப்பு நீரில் கரைவது, எண்ணெயில் கரையாது. திட்டுத் திட்டாகப் பிரியும், நீர் சேர்ந்ததால் சில நாளில் பூசணமும் பிடிக்கும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வேம்பாளம் பட்டை எண்ணெயில் சாயம் இறக்கும். தலைக்கு எண்ணெய் காய்ச்சுபவர்களுக்குத் தெரிந்த சரக்குதான். நல்லெண்ணெயை 8 கிராமாக எடுத்து, 1 கிராம் பட்டையை ஓர் இரவு ஊறவைத்து, மெல்லிய துணியில் வடித்து, அதில் 6 கிராமைப் பயன்படுத்துங்கள். முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டு உதட்டுக்குப் போங்கள்.

பாட்டி சொன்ன வெண்ணெயும் நெய்யும் வேலை செய்யும். ஆனால் பால் வேண்டாம் என்பவர்களுக்குத்தான் இந்தப் பாடெல்லாம்.

மினுமினுக்கும் க்ளாஸில் வேறு பிரச்சினை உண்டா?

மைக்கா, எண் 77019. கல்லிலிருந்து வருவது, விலங்குக்குத் தீங்கில்லை. ஆனால் ஜார்க்கண்ட், பீகார் மைக்கா குழிகளில் குழந்தைகள் வேலை செய்வது நன்கு பதிவான விஷயம். முயல் முத்திரை இதைக் கண்டுகொள்வதில்லை. மைக்கா எங்கிருந்து வருகிறது என்று நிறுவனத்தைக் கேளுங்கள், அல்லது 'சிந்தெடிக் ஃப்ளூர்ஃப்லோகோபைட்' என்ற செயற்கை மைக்கா உள்ளதை எடுங்கள்.

வீட்டில் இருக்கும் பழையதை எறிந்துவிடவா?

வேண்டாம், தீர்த்துவிட்டு மாறுங்கள். எறிவதால் எந்த முயலுக்கும் லாபமில்லை. திறந்த மூடிச் சின்னத்தில் 12எம் என்றிருந்தால் திறந்ததிலிருந்து 12 மாதம். அதற்கு முன்பே சிக்கு வாடை அடித்தாலோ, நிறம் மாறினாலோ, குச்சி நூல் நூலாக இழுத்தாலோ குப்பைக்குத்தான்.